சும்மாட்டுத் துணியும் புள்ளிக்கோடும்

அன்றைக்கு அந்த இருட்டு அறையில் இருந்தது ஆறு பேர். நாற்காலியில் வாரால் கட்டி உட்கார வைக்கப்பட்ட நான். எனக்குத் தொண்ணூறு ஊசி எழுதிக்கொடுத்த டாக்டர். அவருக்கு மச்சான் முறையில் ஒரு இன்ஜினியர், ஏதோ பெரிய காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவர், வார்டில் எல்லாரும் அவரைக் கணக்கு சார் என்போம். ரோஸி சிஸ்டர். கதவோரம் என் வீட்டுக்காரர் தங்கராசு. அவருக்குப் பக்கத்தில், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து நின்ற கோவிந்தன் மேஸ்திரி, கல்லுக்குழி கான்ட்ராக்டரின் ஆள். ஆறு பேரையும் எழுதிவிட்டேன். பின்னாடி ஒருத்தரும் நான் அங்கே இல்லையென்று சொல்லக் கூடாது பாருங்க.

லைட்டைப் போட்டார்கள். கணக்கு சார் காகிதச் சுருளை இழுத்து இழுத்துப் பார்த்தார். "தலை அசையவே இல்லையே. நல்ல ஆளுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கு" என்றார்.

டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை.

"பாத்தியாம்மா? மெஷின் பொய் சொல்லாது. காதுல ஒண்ணும் இல்லை உனக்கு. எல்லாம் மனசுலதான்."

மேஸ்திரி சிரித்தான். "கல்லுக்குழிக்கு வந்ததுக்குப் பதிலா நாடகக் கொட்டாய்க்குப் போயிருக்கலாம் சார் இவ. ராசாத்தி வேசம் கட்டி உக்காந்த எடத்துலயே இருக்கலாம்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அதற்காக ரெண்டு நாள் அவர் கொண்டுவந்த காப்பியை நான் குடிக்கவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். என் பேர் தைலம்மை. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், நிறுத்தி நிறுத்தி எழுதுவேன். இதை எழுதி முடிக்க ரெண்டு மழைக்காலம் ஆகியிருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டு, அதற்கப்புறம் இருட்டில் சுவரைப் பிடித்து நடக்கிறவர்கள் யாராவது படித்தால், மனசுலதான் என்று சொல்கிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும். அதற்குத்தான் எழுதுகிறேன். மற்றபடி யாரையும் மன்னித்து எழுதுகிற எண்ணம் கிடையாது.

முதலில் குழியைப் பற்றிச் சொல்லணும். அரியலூரில் கல்லங்குறிச்சிக்கு அந்தாண்டை சுண்ணாம்புக்கல் குழி. அங்கே ஆள் எடுப்பது ஜோடிக் கணக்கு. புருஷன் கடப்பாரை போட்டுக் கல்லைப் பெயர்ப்பான், பொண்டாட்டி கூடையில் அள்ளித் தலையில் தூக்கி, லாரிக்குச் சாய்த்து வைத்த பலகையில் ஏறிக் கொட்டுவாள். ஜோடியில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆளையும் நிறுத்திவிடுவார்கள். முதலாளி குடியிருக்கக் கொடுத்த லைன் வீட்டையும் காலி பண்ணணும். உடம்புக்கு முடியாத பொம்பளைக்கு உட்கார்ந்து ஜல்லி உடைக்கிற வேலை உண்டு, கீற்றுக் கொட்டகை நிழலில். அதற்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேணும். அந்தச் சீட்டுக்குத்தான் இத்தனையும்.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற வரைக்கும் டிரைவர் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டே வருவேன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடியிருக்கிறேன். ஆனால் பத்து வருஷம் அந்த ஒன்றரைச் சாண் பலகையில் ஏறி இறங்கினேன், ஒருநாள் கூட விழுந்தது இல்லை. கூடை தலைக்கு வந்துவிட்டால் என் பயம் எங்கேயோ போய்விடும். பழைய சேலையைக் கிழித்து, முறுக்கி, வளையமாகச் சுற்றி உச்சந்தலையில் வைப்போம். சும்மாடு. எங்கள் குழியில் எந்தப் பொம்பளையும் வெறுந்தலையில் பாரம் வைக்க மாட்டாள். மண்டை சூடேறும், முடி கொட்டும், அதோடு வெறுந்தலையில் பாரம் ஏற்றினால் வீட்டுக்கு ஆகாது என்றும் ஒரு பேச்சு. நான் இதில் ரொம்பக் கண்டிப்பு. தண்ணீர்க் குடம் ஒன்று தூக்கினாலும் முந்தானையையாவது சுருட்டி வைத்துக்கொள்வேன்.

எமர்ஜென்சி முடிந்து ரெண்டாவது வருஷம் இருமல் பிடித்தது. கல்லுத் தூசி என்றார்கள். அப்புறம் சளியில் ரத்தம். பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரி, பேர் எழுதப் போவதில்லை, அங்கே போனோம். சளியை டப்பாவில் பிடித்துக்கொடுக்கச் சொன்னார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரே காசுக்கு என் காதுத் தோடு போனது. டி.பி. என்று சொல்லும்போது டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். தினம் ஒரு ஊசி, தொண்ணூறு நாள். குழிக்குப் பக்கத்தில் தினமும் ஊசி போட ஆள் கிடையாது, அதனால் வார்டிலேயே தங்கச் சொன்னார். பின்னாடி ஒரு ஓட்டுக் கட்டிடம், பதினோரு கட்டில், ஒரே ஒரு குழாய்.

மகளை நாத்தனார் மல்லிகா குன்னத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளைப் பற்றி ஒன்று சொல்லியாகணும். டி.பி. என்று கேட்டதும் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் எங்கள் தெருவையே மறந்தார்கள். மல்லிகா வாரம் ரெண்டு தரம் பஸ் ஏறி வந்தாள். சோளச் சோறு, சின்ன வெங்காயம் போட்ட துவையல், தூக்குவாளி நிறைய மோர். என் தட்டிலேயே எடுத்துச் சாப்பிடுவாள். "அடியே, ஒட்டிக்கும்டி" என்றால், "ஒட்டிக்கட்டும், எனக்கும் ஒரு கட்டில் கெடைக்கும், மாமியாகிட்டேருந்து தப்பிச்ச மாதிரி இருக்கும்" என்பாள்.

இருமல் நின்றது. ரத்தம் நின்றது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன், அந்த ஊசிதான் என்னை உயிரோடு வைத்தது. ஆனால் அறுபதாவது ஊசிக்கு மேலே ஒருநாள் காலையில், குழாயடியில் சோப்புப் போட்டு முகம் கழுவக் கண்ணை மூடினேன், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து சிமெண்டுத் திட்டில் விழுந்தேன். மயக்கம் இல்லை, தலை சுற்றலும் இல்லை. கண்ணை மூடினதும் எது மேலே எது கீழே என்று உடம்புக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நடந்தால் எதிரே இருக்கிற மரம், கம்பம், ஆள் எல்லாம் குதித்தது. நின்றால் நின்றது. பஸ் ஸ்டாண்டில் போர்டைப் படிக்கணும் என்றால் மூச்சைப் பிடித்து நிற்கணும், ஒரு அடி எடுத்து வைத்தால் எழுத்தெல்லாம் நடுங்கும். ராத்திரி கரண்டு போனால் கக்கூசுக்குப் போக முடியாது. அதை டாக்டரிடம் சொன்னேன்.

"பலவீனம்மா. முட்டை சாப்புடு."

முட்டை வாங்க அவர் காசு கொடுக்கப் போகிறாரா? நான் கேட்கவில்லை, கேட்டிருக்கணும்.

ரோஸி சிஸ்டர்தான் சொன்னார், அதுவும் கட்டில் விரிப்பை உதறுகிற சாக்கில், குனிந்து. "காதுக்குள்ள, கேக்கற எடத்துக்குப் பக்கத்துலயே, மோதிரம் மாதிரி சின்னச் சின்னக் குழாய் இருக்கு. அதுல தண்ணி. நீ தலையைத் திருப்புனா தண்ணி பின்தங்கும், அதை வெச்சுத்தான் தலை எந்தப் பக்கம் போவுதுன்னு மூளைக்குத் தெரியும். கண்ணை நேரா நிறுத்தறதும் அதுதான், கழுத்தைப் பிடிச்சு நிறுத்தறதும் அதுதான். இந்த ஊசி சில பேருக்கு அதைக் கெடுத்துடும். திரும்ப வராது. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

திரும்ப வராது. இருமலுக்குப் பயந்து வந்தவள் இதற்குப் பயந்து படுத்திருந்தேன். பலகை ஞாபகம் வந்தது. இந்தத் தலையோடு அதில் ஏறினால் நான் கீழே, கல் எனக்கு மேலே.

டாக்டரிடம் சீட்டுக் கேட்டேன். காதில் கோளாறு, பலகை ஏறக்கூடாது, அவ்வளவு எழுதினால் போதும். அவர் நாளைக்கு நாளைக்கு என்றார். எனக்கு அப்போது புரியவில்லை, வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. காது கெட்டது என்று எழுதினால் எதனால் கெட்டது என்று அடுத்த கேள்வி வரும். ஊசியை எழுதினவர் யார்?

தொண்ணூறும் முடிந்தது. மேஸ்திரி வந்து, "முதலாளி கேக்கறாரு. சீட்டு உண்டா, பலகை ஏறுவியா, ரெண்டும் இல்லைன்னா பேரை அடிக்கவா" என்று கேட்டுப் போனான். அந்த வாரம்தான் கணக்கு சார் ஒரு வாடகை வேனில் நாற்காலியோடு வந்து இறங்கினார்.

ஆபீஸில் சுழலுமே, அந்த மாதிரி நாற்காலி, ஆனால் அடியில் இரும்பும் மோட்டாரும் பெல்ட்டும். பழைய எக்ஸ்ரே இருட்டு அறையில் போட்டார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் மாட்டுகிற பெரிய தொப்பி ஒன்று. அதன் உச்சியில் இரும்புக் கம்பி, கம்பியிலிருந்து ஒயர், ஒயர் போய் ஒரு பேனாவில் முடியும். காகிதம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பேனா நாற்காலி போகிற விதத்தை எழுதும், இன்னொரு பேனா தலை போகிற விதத்தை எழுதும். நாற்காலியை வெடுக் வெடுக்கென்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவார்கள். நாம் இருட்டில் எதிரே ஒரு புள்ளி இருப்பதாக நினைத்து அதையே பார்க்கணும். காது நன்றாக இருந்தால் உடம்பு திரும்பினாலும் தலை அந்தப் புள்ளியை விடாது. காது போயிருந்தால் தலை நாற்காலியோடேயே போகும்.

டாக்டர் அவரிடம், "இவ தலை ஆடுதுங்கறா. நீயே பாத்துச் சொல்லு, நான் அதும்படி எழுதறேன்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. யாரோ வெளியூர்க்காரர், மெஷின் வைத்திருக்கிறவர், அவருக்கு என்மேல் என்ன பகை என்று நினைத்தேன்.

இனி நான் செய்த தப்பு. தொப்பியைக் கையில் கொடுத்தார்கள், நல்ல கனம். உச்சியில் இரும்பு வேறு. கரண்டு அடிக்குமோ என்று ஒரு பயம், மண்டை ஓட்டை அழுத்துமோ என்று ஒரு பயம். வெறுந்தலையில் பாரம். என் மூட்டையில் சும்மாட்டுத் துணி இருந்தது. குழியை விட்டு வரும்போது ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியாது, கையோடு வந்துவிட்டது. மங்கலான வெளிச்சம், சிஸ்டர் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார், சார் மோட்டாரிடம் குனிந்திருந்தார். நான் துணியைச் சுற்றி உச்சந்தலையில் வைத்து, அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டேன். பெரிய ஆம்பிளைத் தலைக்குச் செய்த தொப்பி, உள்ளே இடம் இருந்தது. மறைக்கணும் என்று செய்யவில்லை. சொல்லணும் என்றும் தோன்றவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவினேன் என்று யாராவது சொல்லுவார்களா?

அதற்கப்புறம் நடந்ததுதான் மேலே எழுதினது. தலை அசையவில்லை, நடிப்பு, ராசாத்தி வேசம்.

மறுநாள் மல்லிகா வந்தாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த என் தலையை வாரிவிட உட்கார்ந்தாள். சும்மாட்டுத் துணி தலையணைக்கு அடியில் கிடந்தது.

"இது எதுக்கு அண்ணி இங்க?"

சொன்னேன்.

அவள் சீப்பை நிறுத்தினாள். "அந்த இரும்புச் சட்டிக்கு அடியிலயா வெச்சுக்கிட்டே?"

"ஆமா. கனமா இருந்துச்சு."

"ஏன் அண்ணி, கூடை தலையில இருந்தா நீ எப்படி நடப்பேன்னு எனக்குத் தெரியாதா? திருவிழாக் கூட்டத்துல இடிச்சாலும் கழுத்துக்கு மேல அசைய மாட்டியே. சும்மாட்டை வெச்சுப் பாரத்தையும் வெச்சா, உன் கழுத்து குழியில இருக்கறதா நெனச்சுக்கிட்டு நின்னுருக்கும். அந்தாளு மெஷின் உன்னைப் பாக்கல, கல்லுக் கூடையைப் பாத்துருக்கு!"

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன். சொன்னால் ஏமாற்றினாள் என்பார்கள். சொல்லாவிட்டால் சீட்டு இல்லை. அரைநாள் இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன், கடைசியில் மல்லிகாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கணக்கு சார் துணியைக் கையில் வாங்கி மோந்துகூடப் பார்த்தார். டாக்டர் என்றால் திட்டியிருப்பார். இவர் திட்டவில்லை. கண் பளபளத்தது. "வை. அதே மாதிரி வை. அப்பறம் எடுத்துட்டு வை" என்றார்.

துணி இல்லாமல் தொப்பியை மாட்டியபோது என் தலை நாற்காலியோடேயே போனது. பேனா மலையும் பள்ளமுமாக எழுதியது. துணி வைத்தபோது கோடு ஏரித்தண்ணி மாதிரி படுத்துக்கொண்டது. ரெண்டு காகிதத்தையும் டாக்டரிடம் காட்டினார்.

"அப்போ அவளுக்கு வேணும்னா ஆட்டறா, வேணாம்னா நிறுத்தறா. நான் சொன்னதுதானே?" என்றார் டாக்டர்.

இப்படி ஒரு மனுஷன்.

கணக்கு சாருக்கு டாக்டர் என்ன சொன்னாலும் கவலை இல்லை, நான் சொன்னாலும் கவலை இல்லை. நாற்காலியில் ஒரு தரம் உட்கார்ந்து எழுந்தால் அவருக்கு அது ஒரு உட்கார். ஒரு உட்காருக்கு அஞ்சு ரூபாய் தருகிறேன், கேட்கிறபோதெல்லாம் வந்து உட்காரணும் என்றார். குழியில் ஒரு நாள் கூலியைவிட அதிகம். உட்கார்ந்தேன். முதல் நாலுக்குக் கையில் கொடுத்தார். அப்புறம் சேர்த்துத் தருகிறேன் என்றார்.

அவர் என்னதான் செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். மனுஷன் சந்தோஷமாக இருந்தார் அன்றைக்கு, காகிதத்தில் ஒரு உருண்டை வரைந்தார், அதற்குக் கீழே சுருள் கம்பி.

"இது உன் தலை. நாலு, அஞ்சு கிலோ குண்டு. இது கழுத்து, ஸ்பிரிங் மாதிரி. தலை சாஞ்சா காது ஒரு தகவல் சொல்லும், கழுத்துச் சதை ஒரு தகவல் சொல்லும், குண்டோட கனம் தன் பங்குக்கு ஒண்ணு செய்யும். மூணுக்கும் மூணு எழுத்து. கூட்டினா தலை எங்க போகும்னு வந்துடும். நீ நாற்காலியில உக்கார்றதுக்கு முன்னாடியே உன் தலை எப்படி ஆடும்னு நான் போட்டு வெச்சுடுவேன்."

மெய்யாகவே போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தரமும் முதலில் பென்சிலால் புள்ளிப்புள்ளியாக ஒரு கோடு, அது அவர் கணக்கு. பிறகு மை ஓடும், அது என் தலை. துணி இல்லாமல் உட்கார்ந்தால் மை புள்ளிமேலேயே ஓடும், காதின் எழுத்தைச் சைபர் என்று வைத்தால். துணி வைத்தால் புள்ளி ஒரு பக்கம், மை ஒரு பக்கம். அதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கனம் கூடினால் தலை கொஞ்சம் மந்தமாகத் திரும்பும், அது கணக்கிலேயே இருக்கிறதாம். ஆனால் இவ்வளவு நிற்கக் கூடாதாம். ஒரு கிலோ கல் வைத்தார், ரெண்டு கிலோ வைத்தார். துணியோடு, துணி இல்லாமல். என்னைக் கேட்காமலே பன்னிரண்டு உட்கார் ஓடிவிட்டது.

"எப்படி நிறுத்தறே?" என்றார் கடைசியில்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே.

"நான் எங்க சார் நிறுத்தறேன். கூடைதான் நிக்கும். பாரம் ஒரே எடத்துல நிக்கணும், உடம்புதான் அதுக்கு அடியில போவணும். பலகையில ஏறக் கத்துக்கிட்டது அதான். சும்மாடு உச்சியில பட்டா கழுத்து அதும் வேலையைப் பாத்துக்கும்."

அவர் அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். பிறகு மூணு எழுத்தோடு நாலாவதாக ஒரு எழுத்தைச் சேர்த்தார். எழுதிவிட்டு, "இது சரியா வரணும்னா உன் காது நிஜமாவே சைபரான்னு எனக்குத் தெரியணும்" என்றார். என் சீட்டுக்காக இல்லை. அவர் எழுத்துக்காக.

அதற்கு மெஷினே தேவையில்லையாம். ஐஸ் தண்ணி போதுமாம். காதுக்குள் ஊற்றினால் உள்ளே இருக்கிற குழாய்த் தண்ணி புரளும், நல்ல காதாக இருந்தால் கண் தானாகத் துடிக்கும், உலகமே சுற்றும். காது செத்திருந்தால் ஒன்றும் ஆகாது. இத்தனை நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்ததற்கு ஒரு டம்ளர் ஐஸ் தண்ணியில் பதில் இருந்திருக்கிறது. டாக்டருக்கு அது தெரியாதா? தெரியும். சிஸ்டர் முகத்தைப் பார்த்தாலே புரிந்தது, டாக்டருக்குத் தெரியும் என்று.

மல்லிகா ஓடிப்போய் சோடாக் கடையில் கால் ரூபாய்க்கு ஐஸ் வாங்கி வந்தாள். முதலில் நல்ல ஆள் ஒருவருக்கு ஊற்றி ஒப்பிட்டுப் பார்க்கணும் என்றார் சார்.

"எனக்கு ஊத்துங்க. அழுக்காவது வெளிய வரும்" என்று படுத்தாள் மல்லிகா.

சிஸ்டர் ஊசிக் குழாயில் எடுத்து ஊற்றினார். பத்து எண்ணுவதற்குள் அவள் கண்மணி ரெண்டும் பக்கவாட்டில் வெட்டி வெட்டி இழுத்தது. "அய்யோ, கட்டில் கவுருது! அண்ணி, பிடி! பாவி மனுசா, என்னத்தய்யா ஊத்துன!" என்று கத்தி, எழுந்து, கணக்கு சாரின் பேன்ட்டு முழுக்க வாந்தி எடுத்தாள். சோளச் சோறு, துவையல், எல்லாம். சிஸ்டர் வாயில் துணியை வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

பிறகு நான். இடது காது. ஊற்றினார்கள்.

"என்ன தெரியுது?"

"சில்லுன்னு இருக்கு."

"வேற?"

"ஒண்ணுமில்லை சார்."

வலது காது. அங்கேயும் குளிர்ச்சி, அவ்வளவுதான். மல்லிகா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், அசையுமா என்று. அசையவில்லை. பொய்க்காரி இல்லை என்று ஆனதில் நான் சந்தோஷப்பட்டிருக்கணும். படவில்லை. ரெண்டு பக்கமும் செத்துப்போச்சு என்று அப்போதுதான் நிஜமாக நம்பினேன். அதுவரைக்கும் எனக்கே ஒரு ஓரத்தில் ஆசை இருந்திருக்கிறது, மனசுலதான் என்று இருக்கக் கூடாதா என்று.

கணக்கு சார் தன் நோட்டில் சைபர், சைபர் என்று எழுதினார். நோட்டை மூடினார். "நாளைக்கு ரெண்டு உட்கார்."

மறுநாள் ரெண்டும் உட்கார்ந்தேன். மொத்தம் பதினாலு. இன்னும் மூணு மிச்சம், அதோடு அவர் கணக்கு முடிகிறது, வேன் சொல்லியாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் மேஸ்திரி என் வீட்டுக்காரரிடம், திங்கக்கிழமைக்குள் சீட்டு வராவிட்டால் லைன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் சார் கூப்பிட்டபோது நான் நாற்காலியில் உட்காரவில்லை. அறை வாசலில் தரையில் உட்கார்ந்தேன்.

"வாம்மா, நேரம் ஆகுது" என்றார் கணக்கு சார்.

"உங்க நோட்டுல எழுதுனதை என் கேஸ் சீட்டுல எழுதச் சொல்லுங்க. அப்பறம் உக்கார்றேன்."

"அது டாக்டர் வேலை. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது."

"அப்போ இந்தத் தலைக்கும் உங்களுக்கும் சம்பந்தம் கிடையாது சார்."

"காசு வாங்கிட்டுத்தானே உக்கார்றே?"

"நாலுக்கு வாங்கினேன். பத்துக்கு நீங்க குடுக்கல."

என் வீட்டுக்காரர் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பேசுகிற ஆள் இல்லை அவர். ஆனால் உட்கார்ந்தார், துண்டை விரித்து, சாப்பாட்டுக்கு உட்கார்கிற மாதிரி. அந்த ரெண்டு நாள் காப்பிக்குக் கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது.

சார் உள்ளே போய் டாக்டரிடம் சத்தம் போட்டது எங்களுக்குக் கேட்டது. "மூணு ரீடிங் இல்லைன்னா என் நாலு மாச உழைப்பு குப்பை. எழுதிக் குடுத்துத் தொலையேன், உனக்கென்ன!" என்றார். டாக்டர் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். "ஊசின்னு எழுதாதே. காதுன்னு மட்டும் எழுது. யார் கேக்கப் போறா?" என்றார் சார்.

சீட்டு வந்தது. ரெண்டு காதிலும் நிதானம் பார்க்கிற சக்தி இல்லை, உயரத்திலும் பலகையிலும் வேலை கூடாது, உட்கார்ந்து செய்யலாம். கையெழுத்து, சீல். எதனால் என்கிற இடம் காலி. நான் எழுத்துக்கூட்டி ரெண்டு தரம் படித்தேன், சிஸ்டரிடம் ஒரு தரம் படிக்கச் சொன்னேன். அந்தக் காலி இடத்தையும் கேட்டிருக்கணும் என்று மல்லிகா இப்போதும் திட்டுகிறாள். எனக்கு அன்றைக்கு இருந்த தைரியம் அவ்வளவுதான், அது தீர்ந்துவிட்டது.

எழுந்து போய் மூணும் உட்கார்ந்து கொடுத்தேன். சொன்ன சொல் தப்பவில்லை. கடைசியில் புள்ளிமேலேயே மை ஓடியது, துணி வைத்தும். நாலாவது எழுத்து பலித்துவிட்டது. கணக்கு சார் கைதட்டினார், என்னைப் பார்த்து இல்லை, காகிதத்தைப் பார்த்து. தொப்பியைக் கழற்றினபோது சும்மாட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டார், கனம், தடிமன் அளக்கணுமாம். பணம் கேட்டேன். வாசலில் உட்கார்ந்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை. "மணியார்டர்ல அனுப்பறேன். அட்ரஸ் டாக்டர்கிட்ட இருக்குல்ல" என்று வேனில் ஏறினார்.

திங்கக்கிழமை மேஸ்திரியிடம் சீட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான், அவனுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல என்ன போட்டுருக்கு?"

"ராசாத்திக்கு உக்காந்த எடத்துல வேலைன்னு போட்டுருக்கு" என்றேன்.

ஒன்பது வருஷமாக ஜல்லி உடைக்கிறேன். லைன் வீடு இருக்கிறது. கண்ணை மூடி முகம் கழுவ மாட்டேன், ஒரு கை சுவரில் இருக்கும். இருட்டில் எங்காவது போகணும் என்றால் இன்னும் ஒரு வழி வைத்திருக்கிறேன். புதுத் துணி சுற்றி, சொம்பில் தண்ணி நிறைத்துத் தலையில் வைத்துக்கொள்வேன். அப்போது கழுத்தாவது நிற்கும், கால் தடவிக்கொண்டு பின்னால் வரும். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

போன வருஷம் ரோஸி சிஸ்டரை அரியலூர் ஸ்டேஷனில் பார்த்தேன். கணக்கு சார் எழுதினது அச்சாகி டாக்டருக்குத் தபாலில் வந்ததாம், டாக்டர் குப்பையில் போட்டதை சிஸ்டர் எடுத்துத் தன் பையில் வைத்திருந்தார். இங்கிலீஷ். ஒரு உருண்டை, கீழே சுருள் கம்பி, அதே படம். உருண்டைக்கு மேலே ஒரு பாரம், ரெண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு வளையம். என் துணி. பக்கம் முழுக்க எழுத்தும் கணக்கும். என் பேர் எங்கே என்று கேட்டேன். சிஸ்டர் தேடிப் பார்த்துவிட்டு, ஏழாம் நம்பர் என்று போட்டிருக்கிறது, சுமை தூக்குகிற பெண் என்று போட்டிருக்கிறது என்றார். பாரம் நிக்கணும், உடம்பு அடியில போவணும் என்று நான் சொன்னதும் இருந்ததாம், கணக்கு சாரே கண்டுபிடித்துச் சொன்னது மாதிரி.

டாக்டரிடம் என் விலாசம் இருக்கிறது. லைன் வீட்டு நம்பர் மாறவில்லை. மணியார்டர் இதுவரை வரவில்லை. பதினேழு உட்கார், நாலுக்கு வாங்கினது போக பதிமூணு. துணிக்கும் ஐஸுக்கும் நான் காசு கேட்கவில்லை. பாக்கி அறுபத்தஞ்சு ரூபாய்.